மாடு தின்றால் வீணாகவில்லை என்று ஆகுமா?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். வீடு சென்னை பெருங்குடிக் குப்பைமேட்டுக்குப் பக்கம். இரவு மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டுத் தெருமுனையில் வைக்கிறீர்கள். "மாடு தின்னுட்டுப் போகுது, வாயில்லா ஜீவன், வீணாப் போகலையே" என்கிறார் மாமியார். அந்தத் தெருவில் கறக்கிற பாலைத்தான் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சிக் கொடுக்கிறீர்கள். இந்த நேரத்தில் யாரோ வாட்ஸ்அப்பில் "குப்பை தின்ற மாட்டுப் பால் குடித்தால் கேன்சர்" என்று ஒரு வீடியோவை அனுப்ப, தூக்கம் போய்விட்டது. கழிவுநீர் வாய்க்கால் ஓரத்தில் விளையும் கீரையைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: நாம் தூக்கிப் போட்டது நம் தட்டுக்கே திரும்பி வருகிறதா? வருகிறது என்றால் எந்த வழியாக?

வருகிறது. எந்த வழியாக என்பதில்தான் அந்த வீடியோவும் நானும் வேறுபடுகிறோம். உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் 26 ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற ஆள் நான். பால், கடலை, மாட்டுத் தீவனம், எண்ணெய் இவைதான் பெரும்பாலும் என் மேசைக்கு வந்தவை. மருத்துவர் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை. ஆகவே பிள்ளையின் உடம்பைப் பற்றிய கேள்விக்கு உங்கள் குழந்தை மருத்துவர் சொல்வதுதான் முடிவு. என்னால் சொல்ல முடிந்தது, பாலிலும் கீரையிலும் எது எப்படி ஏறுகிறது, எது கொதித்தால் போகும், எது போகாது என்பது மட்டும். உறுதியானதை உறுதியாகச் சொல்கிறேன். சந்தேகம் இருக்கும் இடத்தில் சந்தேகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் மிச்சச் சோற்றின் கணக்கு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து. இந்திய வீடுகளுக்கு அது சொல்லும் அளவு ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ, அதாவது ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிராம். இதில் வாழைப்பழத் தோல், முருங்கைச் சக்கை, எலும்பு எல்லாம் சேர்த்தி. எல்லாமே தின்னக்கூடிய சோறு என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் ஈரம் என்ற வகையில் தோலும் சோறும் ஒன்றுதான். குப்பைமேட்டைக் கெடுப்பது அந்த ஈரம்.

வெறும் பிளாஸ்டிக்கும் காகிதமும் கிடந்தால் அது அசிங்கமான குவியல், அவ்வளவுதான். அதன்மேல் சோறும் குழம்பும் காய்கறித் தோலும் விழும்போதுதான் அது வேதிக் கூடமாக மாறுகிறது. மேலே மேலே குப்பை விழ, அடியில் காற்று புகாமல் போகிறது. காற்றில்லாத இடத்தில் சோறு அழுகினால் முதலில் அமிலங்கள் உண்டாகும். நம் மாவுப் பாத்திரம் புளிப்பதைப் போலத்தான், ஆனால் பேட்டரி, பெயின்ட் டப்பா, டியூப்லைட் துண்டு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் புளிக்க விட்டால் எப்படியிருக்கும்? அந்தப் புளிப்பில் உலோகங்கள் கரைகின்றன. கரைந்ததெல்லாம் கறுப்பாக ஒரு சாறாக வடிந்து நிலத்தடி நீருக்கோ பக்கத்து வாய்க்காலுக்கோ போகிறது. பெருங்குடியில் பக்கத்தில் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். புளிப்பு அடங்கிய பிறகு அடுத்த கட்டம் மீத்தேன். அது தீப்பிடிக்கும் வாயு. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி மேடு பற்றிக்கொண்டு பல நாள் அணையாமல் புகைந்ததை அந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தீ அணைப்பவர்கள் மேலே தண்ணீர் அடிப்பார்கள். அடியில் அழுகிக்கொண்டிருப்பது எரிபொருளைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இந்தப் புகைதான் உங்கள் பால் கேள்வியோடு நேராகச் சேர்வது. பி.வி.சி. போன்ற குளோரின் உள்ள பிளாஸ்டிக், ஈரக் குப்பையோடு கலந்து, முழுதாக எரியாமல் குமைந்துகொண்டே இருந்தால் டையாக்சின் என்ற நச்சுக் குடும்பம் உண்டாகும். நன்றாகக் கொழுந்துவிட்டு எரிவதைவிட இப்படிக் குமைவதுதான் மோசம். டையாக்சினை நாம் பெரும்பாலும் மூச்சில் வாங்குவதில்லை. மனித உடம்பில் சேர்வதில் 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியாகத்தான், அதிலும் இறைச்சி, பால், மீன் வழியாகத்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புகை புல்லிலும் மண்ணிலும் படிகிறது, மாடு மேய்கிறது, டையாக்சின் கொழுப்பில் போய் உட்காருகிறது, பாலின் கொழுப்போடு வெளியே வருகிறது. உடம்பில் ஒருமுறை சேர்ந்தால் அதில் பாதி குறையவே 7 முதல் 11 ஆண்டு ஆகும். காய்ச்சினால் போகாது. பாலாடையை எடுத்துவிட்டால் ஓரளவு குறையும், கொழுப்பில் இருப்பதால்.

இதை வேறு எங்கோ நடந்த ஆய்வை வைத்துச் சொல்லவில்லை. 1999–2000 காலத்தில் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தியா, கம்போடியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் திறந்தவெளிக் குப்பைமேடுகளை ஒட்டி வாழும் தாய்மார்களின் பாலைச் சேகரித்துப் பார்த்தார்கள். இந்தியாவில் அவர்கள் எடுத்துக்கொண்ட மேடு உங்கள் பெருங்குடிதான். மற்ற நாடுகளைவிட இங்கே தாய்ப்பாலில் டையாக்சின் வகைகள் கூடுதலாக இருந்தன. இங்கேயே மேட்டைவிட்டுத் தள்ளி வாழ்ந்த தாய்மாரோடு ஒப்பிட்டாலும் கூடுதல்தான். ஏன் இங்கே மட்டும் என்று தேடியபோது அவர்கள் கை காட்டியது மாட்டுப் பாலை. குப்பைமேட்டில் மேயும் மாடு, அந்தப் பாலைத் தினமும் காபியிலும் தயிரிலும் குடிக்கும் மனிதர்கள். மற்ற நாடுகளில் இந்தப் பழக்கம் இவ்வளவு இல்லை. 2004இல் இது ஆய்விதழில் வந்தபோது கூடத்தில் நாங்கள் நாலைந்து பேர் ஒரு பிரதியைக் கை மாற்றி மாற்றிப் படித்தோம். அன்று மாலை யாரும் டீக்கடைக்குப் போகவில்லை. அடுத்த நாள் போனோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? மேட்டில் மேயும் மாட்டின் பால் ஒரு வழி என்பதைச் சொல்லலாம். அந்தப் பாலைக் குடித்த உங்கள் பிள்ளைக்கு இன்ன நோய் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீடியோ செய்வது அதைத்தான். ஆய்வில் பார்த்தது பாலில் உள்ள அளவை. யாருக்கு என்ன ஆயிற்று என்று அவர்கள் பின்தொடரவில்லை. கால் நூற்றாண்டும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அங்கே பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலையும் நடந்திருக்கிறது. இன்னொன்று, இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பால் கொடுப்பதை நிறுத்திவிட வேண்டாம். இந்த அளவுகளை எல்லாம் தெரிந்துகொண்டுதான் உலக சுகாதார நிறுவனம் தாய்ப்பாலைத் தொடரச் சொல்கிறது. நிறுத்துவதால் வரும் கேடு இதைவிடப் பெரியது.

மாமியாரின் "வீணாப் போகலையே"க்கு இப்போது வருகிறேன். அவர் நினைப்பதில் ஒரு அறம் இருக்கிறது, அதை நான் கேலி செய்யமாட்டேன். கழுநீர்த் தொட்டி வைத்து வளர்ந்த தலைமுறை அது. ஆனால் கழுநீர்த் தொட்டியில் பாலிதீன் பை இருந்ததில்லை. மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. சோற்று வாசனைக்குப் பையோடு விழுங்குகிறது. பை செரிக்காது, சாணத்தில் வெளியே வருவதும் அரிது; முதல் வயிற்றில் பந்தாகச் சுருண்டு வருஷக்கணக்கில் கிடக்கும். கால்நடை மருத்துவமனைகளில் அறுவை செய்து கூடை கூடையாக எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. கறிக்கடைக்கும் காய்கறி வண்டிக்கும் அந்தச் செய்தி இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. பை இல்லாமல் போட்டாலும் ஒரு எல்லை உண்டு. மாட்டின் வயிறு வைக்கோலுக்கும் புல்லுக்கும் ஆனது. குண்டான் நிறையச் சோறோ பொங்கலோ ஒரே நேரத்தில் தின்றால் வயிற்றில் அமிலம் பெருகி, உப்பி, செத்தே போகும். கல்யாண மண்டபத்துக்குப் பின்புறமும் பொங்கல் சமயத்திலும் மாடுகள் சாய்வது இதனால்தான். எந்தக் கால்நடை மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

இதுவரை சொன்னதையெல்லாம்விட, என் தொழிலில் நான் அதிகம் கவலைப்பட்டது வேறொன்று. வீடியோக்காரர்களுக்கு அதன் பெயர்கூடத் தெரிந்திருக்காது. அஃப்லாடாக்சின். கடலையிலும் சோளத்திலும் பருத்திக்கொட்டையிலும் வளரும் ஒருவகைப் பச்சைமஞ்சள் பூசணம் சுரக்கும் நஞ்சு. கண்ணுக்குத் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகட்டில் சாற்றைப் பிரித்து, இருட்டறையில் புற ஊதா விளக்கைப் போட்டால், ஒரு புள்ளி நீலமாக ஒளிரும், இன்னொன்று பச்சையாக. ஆங்கிலத்தில் நீலத்தின் முதல் எழுத்தை வைத்துத்தான் அதற்கு பி1 என்றும், பச்சையின் முதல் எழுத்தை வைத்து ஜி1 என்றும் பெயர். அழகான நிறம். நீலம் எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு கெட்ட செய்தி. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில்தான் இது முதலில் பிடிபட்டது. மனிதர்களுக்கு என்ன செய்யும் என்பதை 1974இல் நம் நாடே பார்த்தது. குஜராத், ராஜஸ்தான் எல்லையோரப் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 397 பேருக்கு மஞ்சள்காமாலை போல வந்தது. 106 பேர் இறந்தார்கள். தூக்கி எறிய மனம் வராததால், எறிந்தால் வேறு உணவு இல்லாததால், தின்றார்கள்.

அந்த அளவு விஷம் நம் ஊர்களில் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வருவதுதான் நம் பிரச்சினை. அந்த வழியைக் கவனியுங்கள், உங்கள் கேள்விக்கு விடை அதில் இருக்கிறது. கடலையைப் பொறுக்கும்போது சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாம் ஒதுக்கப்படும். நல்ல காரியம், நஞ்சு பெரும்பாலும் அந்தச் சில பருப்புகளில்தான் குவிந்திருக்கும். ஆனால் ஒதுக்கியதை யாரும் குழிதோண்டிப் புதைப்பதில்லை. மலிவு விலைக்கு எண்ணெய் ஆட்டப் போகிறது. ஆட்டும்போது நஞ்சு எண்ணெயில் கொஞ்சமும் புண்ணாக்கில் மிகுதியும் தங்குகிறது. புண்ணாக்கு மாட்டுக்கு. மாடு தின்ற பி1இல் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு, சில கறவைகளில் ஆறு பங்குவரை, எம்1 என்று உருமாறிப் பாலில் இறங்குகிறது. மனிதருக்கு ஆகாது என்று ஒதுக்கிய கடலை, மாட்டைச் சுற்றிக்கொண்டு, மனிதரில் மிகச் சிறியவருக்குப் போகிறது. பூசணம் பிடித்த ரொட்டி, கெட்ட சோளம், மூட்டையில் வியர்த்துப்போன தவிடு எல்லாம் "மாட்டுக்குப் போடு" என்று போகும்போதும் இதே கதைதான்.

இது எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதற்கு ஒரு நல்ல கணக்கு உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து அடுத்த ஆண்டு முடிவை வெளியிட்டது. கலப்படம்தான் பெரிய பிரச்சினையாக வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். உடம்புக்குக் கேடான கலப்படம் 12 மாதிரிகளில்தான் இருந்தது. 368 மாதிரிகளில் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. மாநில வாரியாகப் பார்த்தால், எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551இல் 88, ஏறக்குறைய ஆறுக்கு ஒன்று. வரம்பு கிலோவுக்கு அரை மைக்ரோகிராம். இது எவ்வளவு சிறியது என்றால், ஒரு கிராம் நஞ்சு இருபது லட்சம் லிட்டர் பாலை அந்த வரம்பில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஐரோப்பாவில் வரம்பு இதிலும் பத்தில் ஒன்று. இன்னொரு தகவல் பலருக்குப் பிடிக்காது: தெருவில் கறக்கும் பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இந்தக் குறை அதிகம் தென்பட்டது. "பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டால் கவலையில்லை" என்று உங்களிடம் எளிதாகச் சொல்லிவிட முடியாததற்கு அதுதான் காரணம். பதப்படுத்தினால் கிருமி சாகும், எம்1 சாகாது. காய்ச்சினாலும் போகாது, உறை ஊற்றினாலும் நம்பும் அளவுக்குக் குறையாது. டையாக்சினைப் போல் இது கொழுப்போடு போவதில்லை, பாலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் வெண்ணெயில் குறைவு, பன்னீரில் கூடுதல்.

ஆறுதலான ஒரு பக்கமும் உண்டு. எம்1 மாட்டின் உடம்பில் தங்குவதில்லை. கெட்ட தீவனம் தின்ற மறுநாளே பாலில் தெரியும். தீவனத்தை மாற்றினால் மூன்று நாலு நாளில் பால் சுத்தமாகிவிடும். டையாக்சினுக்கு வருஷக் கணக்கு, இதற்கு நாள் கணக்கு. புற்றுநோயை உண்டாக்கும் வீரியத்தில் எம்1, பி1இல் பத்தில் ஒரு பங்குதான் என்பது நிபுணர் குழுக்களின் மதிப்பீடு. மஞ்சள்காமாலை பி (ஹெபடைடிஸ் பி) கிருமி உடம்பில் உள்ளவர்களுக்கு அஃப்லாடாக்சின் பல மடங்கு அதிகக் கேடு என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். ஆகவே உங்கள் பிள்ளைக்கு அந்தத் தடுப்பூசி முழுதும் போட்டாகிவிட்டதா என்று அட்டையைப் பாருங்கள். பாலைப் பற்றிய கவலைக்குத் தடுப்பூசி அட்டையைப் பார்க்கச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். கல்லீரலைக் காக்க வீட்டில் உட்கார்ந்தபடி செய்யக்கூடியதில் அதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து இல்லை. குழந்தை வளர்த்தி குன்றுவதற்கும் அஃப்லாடாக்சினுக்கும் தொடர்பு உண்டு என்று ஆப்பிரிக்காவில் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அங்கே வறுமை, வயிற்றுப்போக்கு, சத்துக்குறைவு எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன, பிரித்தெடுப்பது கடினம். அதை நான் சந்தேகப் பட்டியலில்தான் வைத்திருக்கிறேன்.

கீரையைப் பற்றி. இதில் கிருமி வேறு, உலோகம் வேறு என்று பிரித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கழிவுநீர் பாய்ந்த கீரையில் மலக்கிருமியும் புழு முட்டையும் இருக்கும். கழுவி, கடைந்து, கொதிக்க விட்டுச் சாப்பிடும் அரைக்கீரையிலும் சிறுகீரையிலும் அவை செத்துவிடுகின்றன. ஆபத்து, நாம் கீரை என்றே எண்ணாத கொத்தமல்லியிலும் புதினாவிலும். பச்சையாக அரைத்துச் சட்னி, மோரில் கிள்ளிப் போடுவது, சாட் கடையில் தூவுவது. எங்கள் கூடத்தில் மலக்கிருமிச் சோதனையில் தோற்றவற்றில் கொத்தமல்லி இல்லாத மாதம் எனக்கு நினைவில்லை. உலோகங்களில் ஈயமும் காட்மியமும் தனித்தனிக் குணம் கொண்டவை. ஈயம் வேர் வழியாக இலைக்கு ஏறுவது குறைவு. பெரும்பாலும் தூசியாக, மண்ணாக இலைமேல் ஒட்டியிருக்கும். நாலைந்து தண்ணீரில் அலசினால் நல்ல அளவு போகும். காட்மியம் வேரால் உறிஞ்சப்பட்டு இலைக்குள்ளேயே போய்விடும். எத்தனை முறை அலசினாலும் பயனில்லை. சிறுநீரகத்தில் சேர்ந்து பல ஆண்டு தங்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவு நீர் பாய்ந்த நெல்லைத் தின்று, எலும்பு நொறுங்கி "வலிக்குதே வலிக்குதே" என்று அலறியவர்களின் நோய்க்கு அந்த அலறலையே, இதாய் இதாய் என்று, பெயராக வைத்தார்கள். நம் வாய்க்கால் கீரை அந்த அளவு இல்லை. ஆனாலும் எந்த நிலத்தில் விளைந்தது என்று தெரியாத கீரையைத் தினமும் ஒரே ஆளிடம் வாங்காதீர்கள். ஆளை மாற்றுங்கள், கீரையையும் மாற்றுங்கள். முருங்கைக்கீரைக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். மரத்து இலை, கழிவுநீரில் நிற்பதில்லை.

ஈயத்துக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. முன்பு வாரத்துக்கு இவ்வளவு உள்ளே போனால் பரவாயில்லை என்று ஓர் அளவு வைத்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் கூட்டாக நடத்தும் நிபுணர் குழு 2010இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. குழந்தைகளின் மூளைக்குக் கேடில்லாத அளவு என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை என்பதே காரணம்.

நாளையே, இந்த வாரமே உங்கள் பிள்ளையைப் படுக்கவைக்கக் கூடியது இவை எதுவும் இல்லை. அது கிருமி. கெட்ட உணவால் உலகில் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் நோயுற்று 4,20,000 பேர் இறக்கிறார்கள் என்றும், அதில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் மதிப்பிட்டது. பெரும்பகுதி வயிற்றுப்போக்குதான். தெருமுனையில் முடிச்சுப் போட்ட பை மாடு வரும்வரை சும்மா கிடப்பதில்லை. நாய் கிழிக்கிறது, ஈ மொய்க்கிறது, எலி வருகிறது. அந்த ஈக்கு உங்கள் அடுப்பங்கரை சன்னல் எத்தனை அடி தூரம்? மழை பெய்தால் எலிமூத்திரம் கலந்த தண்ணீரில் நடந்து எலிக்காய்ச்சல் வாங்கிக்கொள்வது சென்னையில் புதிதல்ல. டையாக்சினுக்குப் பயந்து தூக்கம் கெட்டவர்கள் இந்த ஈக்குப் பயப்படாதது எனக்கு எப்போதும் வியப்பு.

வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணமே கேடாகும் இடங்களும் இருக்கின்றன. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி உண்டு. அதன் விதை போன்ற உறை சோறு வேகும் சூட்டிலும் பிழைக்கும். வடித்த சோறு சென்னை வெயிலில் மதியம் முழுக்கப் பாத்திரத்திலேயே கிடந்தால் முளைத்துப் பெருகி ஒரு நஞ்சைச் சுரக்கும். ராத்திரி அதைச் சூடுபண்ணினால் கிருமி சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். தின்ற சில மணி நேரத்தில் வாந்தி. ஆகவே மிஞ்சும் என்று தெரிந்தால் சாப்பிட்ட கையோடு எடுத்து, அகலமான தட்டில் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். கோடையில் ஒரு மணி நேரம். பழைய சோற்றைக் கேட்பீர்கள். அன்றே தண்ணீர் ஊற்றி நன்றாகப் புளித்தது வேறு. அதில் புளிக்கவைக்கும் நல்ல கிருமிகள் முந்திக்கொள்கின்றன, பெரியவர்கள் சாப்பிட நான் தடை சொல்லமாட்டேன். பிசுபிசுத்து நூல் ஓடினால் கொட்டிவிடுங்கள். ஒன்றரை வயதுக்கு அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். எண்ணெயும் அப்படித்தான். பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. பெரிய கடையில் கறுத்த எண்ணெயைக் கொட்டினால் நஷ்டம் என்று சின்னக் கடைக்கு விற்பார்கள்; அங்கே அது பஜ்ஜியாகித் திரும்பி வரும்.

நுண்பிளாஸ்டிக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பின்னூட்டத்தில் யாராவது கேட்பார்கள். பாலிலும் உப்பிலும் மனித ரத்தத்திலும் அது இருப்பது உறுதி. அதனால் என்ன ஆகிறது என்பது இன்னும் உறுதியில்லை. 2024இல் இத்தாலியில் கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை அறுத்தெடுத்துப் பார்த்த ஒரு ஆய்வில், அடைப்பில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவை சுமார் நாலரை மடங்கு அதிகம் வந்தன. கவனிக்க வேண்டிய சேதிதான். ஆனால் பிளாஸ்டிக்தான் காரணமா, இல்லை வேறொரு காரணத்தோடு கூட வந்ததா என்பதை அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. அதைச் செய்தவர்களே அப்படிச் சொன்னார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. ஈரக் குப்பையையும் உலர்ந்ததையும் இன்றே பிரிப்பேன். திடக்கழிவு விதிப்படி பிரிக்க வேண்டியது நம் கடமைதான். அதைவிட, சோறு பிளாஸ்டிக்கோடு சேராவிட்டால் மேலே சொன்ன புளிப்பு, மீத்தேன், புகை என்ற சங்கிலியின் முதல் கண்ணியே அறுந்துவிடுகிறது. மொட்டைமாடியில் இடமிருந்தால் இரண்டு மண்தொட்டி வைத்து மாற்றி மாற்றி உரமாக்கலாம். இல்லையென்றால் தூய்மைப் பணியாளர் வரும்போது பை இல்லாமல் பச்சைத் தொட்டியில் கொட்டலாம். மாமியாரிடம் மாட்டுக்குப் போடாதீர்கள் என்று சொல்லமாட்டேன். கெடாத சோறாக இருந்தால், இரண்டு கைப்பிடி, கையால், பை இல்லாமல் போடட்டும். பூசணம் கண்டது, ஊசிப்போனது உரத்தொட்டிக்கு.

பாலைப் பொறுத்தவரை, கறப்பவரை நேரில் பார்க்க முடிகிறது என்பது உங்களுக்கு ஒரு அனுகூலம்; பாக்கெட்டிடம் கேள்வி கேட்க முடியாது. காலையில் பால் வாங்கப் போகும்போது அவரிடம் சண்டைக்குப் போகாமல் இரண்டே கேள்வி கேளுங்கள்: "அண்ணே, பகல்ல மாட்டை எங்க அவிழ்த்து விடுறீங்க? புண்ணாக்கு எங்க வாங்குறீங்க, மழைக்காலத்துல எங்க வைக்கிறீங்க?" கட்டிப்போட்டுத் தீவனம் வைக்கிறார், மூட்டை பலகைமேல் உலர்ந்த இடத்தில் இருக்கிறது என்றால், நன்றாகப் பொங்கக் காய்ச்சித் தாராளமாகக் கொடுங்கள். மேட்டுப் பக்கம் அவிழ்த்து விடுகிறார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். கேள்விக்குக் கோபப்பட்டாலும் வேறு ஆள்தான்.